வரைவும் விலைப்புள்ளியும்

கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டத்துக்கு வடகிழக்கே சில கல் தொலைவில் சிதறால் என்னும் சிற்றூர் இருக்கின்றது. ஊரை ஒட்டிய குன்றுக்குப் பழைய பெயர் திருச்சாரணத்து மலை. வானில் உலவும் ஆற்றல் பெற்றவர்கள் என்று சமணர் போற்றிய சாரணர்களின் பெயரால் அமைந்தது அது. குன்றின் மேல் ஒரு பெரும் பாறை மற்றொரு பாறைமீது குடைபோலக் கவிந்து நிற்கின்றது. அதன் முகப்பில் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. முக்குடையின் கீழ் அமர்ந்தவர்கள் பலர். பாம்பின் படத்தின் கீழ் நின்றவர் பார்சுவநாதர். சிங்கமும் குழந்தைகளும் அருகிருக்க நிற்பவள் அம்பிகை. ஆய் மன்னன் விக்கிரமாதித்திய வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டைக் குறிக்கும் வட்டெழுத்துக் கல்வெட்டு அங்கே உண்டு. கி.பி. 9ஆம் நூற்றாண்டு முடிந்து 10ஆம் நூற்றாண்டு பிறக்கும் காலம் அது. பிற்காலத்தில், 13ஆம் நூற்றாண்டளவில், இக்கோயில் பகவதி கோயிலாயிற்று.

மாணவர்களே, இச்சிற்பங்களின் அழகைப் பற்றிப் பேசுவோர் பலர் உளர். நான் எடுத்துக்கொண்ட பொருள் சற்று வேறானது. ஒருவர் ஓர் உருவத்தை மனத்தில் நினைக்கின்றார். இன்னொருவர் அதைக் கல்லிலோ உலோகத்திலோ வெட்டித் தருகின்றார். நினைத்தவரின் கருத்து வெட்டுபவரின் கைக்கு எவ்வாறு போய்ச் சேர்கின்றது? அதற்குரிய விலை எவ்வாறு குறிக்கப்படுகின்றது? இன்று கணிப்பொறியில் ஒரு வரைபடக் கோப்பை இணையத்தின் வழியே ஏற்றிவிட்டால், லேசர் கதிரால் அதை வெட்டித்தர ஆகும் செலவைச் சில நொடிகளில் திரையிலே காணலாம். இதைக் கேட்ட மாத்திரத்தில், இது முழுவதும் புதிய விஷயம் என்று தோன்றும். புதியதாக இருப்பது வேகந்தான். உள்ளே இருக்கும் சிக்கல்கள் சிதறால் பாறையளவு பழையவை.

சிதறாலில் உருவங்களின் கீழே சிறு சிறு எழுத்துப் பொறிப்புகள் உள்ளன. காட்டாம்பள்ளி உத்தநந்தி அடிகள், திருநறுங்கொண்டை மேலைப்பள்ளி வீரநந்தி அடிகள், அச்சணந்தி என்னும் பெயர்கள் அவற்றிலே காணப்படுகின்றன. திருநறுங்கொண்டை தென்னார்க்காட்டுப் பகுதியிலுள்ள ஊர். அங்கிருந்து சிதறால் வரையில் ஒரு துறவியின் விருப்பம் நடந்து வந்திருக்கின்றது! அச்சணந்தியின் பெயரோ ஆனைமலை, அழகர்மலை, உத்தமபாளையம், ஐவர்மலை ஆகிய இடங்களிலும் கிடைக்கின்றது. ஊர் ஊராகச் சென்று உருவம் செய்வித்தவர் அவர். இப்பெயர்களெல்லாம் செய்வித்தவர்களின் பெயர்கள் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். உளி பிடித்தவனின் பெயர் அப்பொறிப்புகளில் இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் என்று ஒரு தலைமைத் தச்சனின் பெயர் கல்லில் ஏறியிருக்கின்றது. அது அரசனின் கோயில். பெருந்தச்சனும் அரசனின் பெயரையே பட்டமாகத் தாங்கியவன். குன்றுகளில் வேலை செய்தவர்களுக்கு அந்த வாய்ப்பில்லை.

ஆய் மன்னனின் காலத்துக் கல்வெட்டில் குணந்தாங்கிக் குரத்திகள் என்னும் பெண் துறவியின் பெயர் வருகின்றது. அரட்டநேமி படாரரின் மாணாக்கியான அவர், திருச்சாரணத்துப் படாரியாருக்குப் பொன்னணி கொடுத்த செய்தியை அது கூறும். கொடுத்த பொருள் இன்னது என்று எழுத்தில் வைப்பது அக்காலத்தார் வழக்கம். எழுதாத பொருள் நாளடைவில் குறையும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இனி, ஓர் உருவத்தின் வடிவம் ஊர்விட்டு ஊர் எப்படிச் சென்றது என்று பார்ப்போம். சிற்ப சாஸ்திரத்தார் இதற்கு வகுத்த உபாயம் மிகவும் நுட்பமானது. உருவத்தின் முகநீளத்தை ஒரு தாளம் என்றனர். ஒரு தாளம் 12 அங்குலம். நவதாள உருவம் 108 அங்குலம்; உத்தம தசதாள உருவம் 124 அங்குலம். இங்கே அங்குலம் என்பது கடையில் விற்கும் அளவுகோலின் அங்குலமன்று. செய்யப்போகும் உருவத்தின் மொத்த உயரம் எதுவோ, அதை 108 ஆகவோ 124 ஆகவோ பங்கிட்டால் கிடைக்கும் ஒரு பங்கே அந்த உருவத்துக்கு உரிய அங்குலம். ஆகவே சிற்பிக்கு அளவு வேண்டுவதில்லை, விகிதம் இருந்தால் போதும். விரற்கடை உயரமுள்ள செப்புத் திருமேனியும் பனைமர உயரமுள்ள கற்சிலையும் ஒரே சூத்திரத்திலிருந்து பிறக்கும். கணிப்பொறி வரைபடத்தில் கோடுகளை எண்களாக வைத்துக்கொண்டு, வேண்டும்போது பெரிதாக்கியும் சிறிதாக்கியும் பயன்படுத்துவது இதே கொள்கைதான். ஓலையும் மனப்பாடமும் அன்றைய கோப்புகள். பாறைமேல் நூலடித்துச் செங்காவியால் கோடிட்டபின் உளி எழும்.

விகிதம் வடிவத்தைக் காக்கும். ஆனால் கொடுக்கல் வாங்கலுக்கு விகிதம் போதாது. பொன் எத்தனை, செம்பு எத்தனை, உயரம் எத்தனை என்று திட்டமாகத் தெரிந்தாக வேண்டும். இதற்கு நம் நாட்டுச் சரித்திரத்தில் தஞ்சைக் கல்வெட்டுகளுக்கு நிகரான சாட்சி வேறில்லை என்றே நான் கருதுகிறேன். முதலாம் இராசராசன் காலத்தில், 1014 வரையில் பெரிய கோயிலுக்கு அளிக்கப்பட்ட செப்புத் திருமேனிகளைப் பற்றி அக்கல்வெட்டுகள் பேசும்போது பாதாதிகேசம் இத்தனை முழம், இத்தனை விரல், கை எத்தனை, பீடத்தின் நீள அகலம் என்ன, திருமேனி கனமானதா பொள்ளலானதா என்று ஒன்றுவிடாமல் சொல்கின்றன. ஒரு பொருளைக் கண்ணாற் காணாமலே திரும்பச் செய்யப் போதுமான விவரம் அங்கே உண்டு.

அதைவிட முக்கியமான ஒரு சொல்லும் உண்டு. அம்முழம் எந்த முழம் என்று அக்கல்வெட்டு கூறிவிடுகின்றது: கோயிலிலே வைத்திருந்த முழக்கோல். பொன்னை ஆடவல்லான் என்னும் கல்லாலும், அணிகலன்களைத் தட்சிணமேருவிடங்கன் என்னும் கல்லாலும் நிறுத்தார்கள். எடைக்கல்லுக்குக் கூட இறைவன் பெயர்! ஊருக்கு ஊர் முழம் வேறாக இருந்த நாட்டில், அலகைக் குறிக்காத எண் வெறும் எண்ணே என்பதை அக்கணக்கர்கள் உணர்ந்திருந்தார்கள். இதனை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; சற்றுப் பொறுத்து மீண்டும் தேவைப்படும்.

பல நூற்றாண்டுகளை இப்போது ஒரே தாவாகத் தாண்டுகிறேன். 1842இல் இங்கிலாந்தில் ஜான் ஹெர்ஷல் என்னும் விஞ்ஞானி நீலநிறப் படியெடுக்கும் முறையைக் கண்டுபிடித்தார். ஒரு வரைபடத்துக்குப் பல படிகள் எடுத்துப் பல பட்டறைகளுக்கு ஒரே நாளில் அனுப்ப வழி பிறந்தது. பலரிடம் விலை கேட்டு ஒப்பிடும் பழக்கம் எளிதானது அதனால்தான். வரைபடத்தைப் பார்த்துத் தகடு எவ்வளவு, ஆள் எத்தனை நாள் என்று கணக்கிட்டு விலைப்புள்ளி கொடுப்பது பட்டறையில் மூத்தவர் ஒருவரின் வேலை. அவர் அனுபவத்தால் சொல்வார். அவர் விடுமுறையில் சென்றால் விலையும் விடுமுறையில் போகும்.

வெட்டும் யந்திரமே வரைவைப் படிக்கத் தொடங்கியது 20ஆம் நூற்றாண்டில். நெசவில் இதற்கு முன்னோடி உண்டு: பிரான்சில் 1804இல் ஜக்கார்டு என்பவர் துளையிட்ட அட்டைகளால் தறிக்குச் சித்திர வேலைப்பாட்டைக் கற்பித்தார். உலோகத்துக்கு அந்த வித்தை வந்தது 1952இல். ஜான் பார்சன்ஸ் என்பவரின் யோசனையிலிருந்து வளர்ந்து, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் துளையிட்ட காகித நாடாவின் ஆணைப்படி இயங்கும் துருவல் யந்திரம் காட்டப்பட்டது. நாடாவிலிருந்தவை எண்கள் மட்டுமே. சிற்பியின் தாளக் கணக்கு மீண்டும் எண்ணாகவே திரும்பி வந்தது என்று சொல்லலாம். ஆனால் இம்முறை நடுவிலே மனிதன் இல்லை.

அதே சமயத்தில் வெட்டும் கருவியும் மாறியது. ஒளியைத் தூண்டி ஒரே போக்கில் பெருகச் செய்யலாம் என்ற கருத்தை ஐன்ஸ்டைன் 1917இலேயே வெளியிட்டிருந்தார். 1960 மே மாதத்தில் தியோடர் மைமன் மாணிக்கக் கல்லைக்கொண்டு முதல் லேசரை ஒளிரச் செய்தார். 1964இல் கரியமில வாயுவைக்கொண்டு இடையறாது எரியும் லேசரை அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் அமைத்தவர் குமார் படேல். மராட்டியத்தின் பாராமதியில் 1938இல் பிறந்து புனே பொறியியல் கல்லூரியில் படித்தவர் அவர். நம் நாட்டுப் பாடநூல்கள் அவருக்கு இன்னும் ஒரு பக்கம் அதிகமாகவே ஒதுக்கலாம். 1967இல் இங்கிலாந்தின் பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையத்தில் பீட்டர் ஹோல்டுகிராஃப்ட் என்பவர் லேசர் கதிரோடு பிராணவாயுவையும் பீச்சி ஒரு மில்லிமீட்டர் எஃகுத் தகட்டை வெட்டிக் காட்டினார். கதிர் உருக்கும், வாயு எரித்து, உருகியதை ஊதித் தள்ளும். இன்றைய பட்டறை யந்திரங்களின் அடிப்படை அதுவே. 1982இல் ஆட்டோகேட் என்னும் வரைபட நிரல் வெளிவந்தபோது, அதனுடன் டி.எக்ஸ்.எஃப். என்னும் கோப்பு வடிவமும் வந்தது. ஒருவர் வரைந்ததை வேறொருவரின் யந்திரம் படிக்க ஒரு பொதுமொழி கிடைத்துவிட்டது. நியூசிலாந்தில் 2007இல் தொடங்கிய பொனோகோ போன்ற நிறுவனங்கள் இணையத்திலேயே கோப்பைப் பெற்று, விலை சொல்லி, வெட்டி அனுப்பலாயின. இன்று தமிழ்நாட்டுப் பட்டறைகளும் கைப்பேசி வழியாகவே படத்தைப் பெற்று விலை சொல்கின்றன. ஊர்ச் சாலையோரப் பலகைகளில் லேசர் கட்டிங், சி.என்.சி. கட்டிங் என்னும் சொற்களை நீங்களே படித்திருப்பீர்கள்.

சரி, கோப்பைப் பெற்ற நிரல் எவ்வாறு விலை சொல்கின்றது? சிற்பி கல்லில் விலக்குவது பருமன். உருவத்தைச் சுற்றியுள்ள கல்லையெல்லாம் பொடியாக்கி எடுக்க வேண்டும். லேசரோ ஓரத்தை மட்டும் வெட்டும். உள்ளே இருப்பது தானே கழன்று விழும். ஆகவே அங்கே உழைப்பின் அளவு வெட்டுக் கோட்டின் நீளம். ஓர் உதாரணம் சொல்கிறேன். 300 மில்லிமீட்டர் நீளமும் 200 மில்லிமீட்டர் அகலமும் 2 மில்லிமீட்டர் கனமும் உள்ள எஃகுத் தகடு ஒன்று. எடை ஏறக்குறைய 950 கிராம். அதில் 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளைகள் 40 வேண்டுமென்றால், துளைகளுக்கு மட்டும் கதிர் செல்லும் தூரம் சுமார் 1,257 மில்லிமீட்டர். அதே பரப்பை 5 மில்லிமீட்டர் துளைகளாக வெட்டினால் 160 துளைகள் ஆகும். தூரமோ 2,513 மில்லிமீட்டர். நீக்கிய உலோகம் இரண்டிலும் ஒன்றே. ஆனால் கதிர் நடப்பது இருமடங்கு. ஒவ்வொரு துளையின் தொடக்கத்திலும் தகட்டைக் குத்தித் திறக்க யந்திரம் சற்று நிற்க வேண்டும். அந்த நிறுத்தம் நான்கு மடங்கு. நுணுக்கமான கோலம் விலை ஏறுவதன் இரகசியம் இதுதான். இத்துடன் தகட்டின் விலை, கனம், எத்தனை பிரதி, ஒரு பெரிய தகட்டில் துண்டுகளைத் தையற்காரர் துணிபோட்டுப் பார்ப்பதுபோல் எவ்வளவு நெருக்கி அடுக்கலாம் என்பதும் சேரும். நிரல் இவற்றைக் கூட்டிப் பார்த்து நொடியில் எண்ணைக் காட்டிவிடுகின்றது.

இதில் உள்ள நன்மையை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஒரே ஒரு துண்டு வேண்டும் என்று பெரிய பட்டறைக்குச் சென்ற மாணவனுக்கு முன்பெல்லாம் என்ன வரவேற்பு கிடைக்கும் என்பது தெரிந்ததே. தெரிந்தவர் ஒருவரின் பரிந்துரை வேண்டும். பேரம் பேசத் தெரிய வேண்டும். பெண்ணாக இருந்தால் வாசலிலேயே இரண்டு கேள்விகள் அதிகம். கோப்பைப் பெறும் நிரல் அனுப்பியவர் யார் என்று கேட்பதில்லை. மார்த்தாண்டத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி தன் ஆராய்ச்சிக் கருவிக்கு ஒரு தகட்டைக் கேட்டாலும், சென்னையிலுள்ள ஒரு தொழிலதிபர் கேட்டாலும் கணக்கு ஒன்றே. குணந்தாங்கிக் குரத்திகளின் காலத்திலிருந்து நம் நாட்டில் பெண்கள் பொருள் செய்வித்ததுண்டு என்றாலும், அவர்களில் பெரும்பாலோர் வேறொருவர் வழியாகவே பேச வேண்டியிருந்தது.

ஆனால் நஷ்டமும் உண்டு. சிதறால் பாறையில் ஓரிடத்தில் கல் பொரிந்திருந்தால் சிற்பி உருவத்தைச் சற்று நகர்த்துவான். செய்விப்பவர் சொன்ன அளவு தவறென்று கண்டால் வாய்திறந்து சொல்வான். பட்டறை மூத்தவரும் அப்படித்தான்: துளை ஓரத்துக்கு மிக அருகில் இருக்கின்றது, மடக்கினால் கிழியும் என்பார். நிரல் கோட்டின் குற்றத்தை மட்டுமே அறியும். மூடாத வளைவு இருந்தால் சொல்லும். ஒரே கோடு இரண்டு தடவை வரையப்பட்டிருந்தால் சொல்லும். துளை தகட்டின் கனத்தைவிடச் சிறியதாயின் எச்சரிக்கும். நீங்கள் இதை எதற்காகச் செய்கிறீர்கள் என்பது அதற்குத் தெரியாது, அதனால் கேட்கவும் கேட்காது. வரைவின் பொறுப்பு முழுவதும் அனுப்பியவருடையது என்று ஒப்பந்தத்தில் எழுதிவிடுவதும் உண்டு. முன்பு இரண்டு அறிவுகள் சேர்ந்து ஒரு பொருளைச் செய்தன. இப்போது அனுப்புகிறவர் இரண்டு அறிவையும் தாமே சுமக்க வேண்டியிருக்கின்றது. நல்ல நிறுவனங்கள் சில, விலை சொன்னபிறகும் ஒரு மனிதரைக்கொண்டு கோப்பைப் பார்வையிடுகின்றன. அவருடைய சம்பளத்தை வீண்செலவென்று எண்ணுவோர் பொருளாதாரம் அறிந்திருக்கலாம், பட்டறை அறிந்தவர்களல்லர்.

கோயில் முழக்கோலை மனத்தில் வைக்கச் சொன்னேன் அல்லவா? டி.எக்ஸ்.எஃப். கோப்புகள் பலவற்றில் கோட்டின் நீளம் 200 என்று இருக்கும். 200 என்ன என்பது இராது. இருந்தாலும் நம்ப முடியாது. வரைந்தவர் மில்லிமீட்டரை நினைக்க, படிக்கும் யந்திரம் அங்குலம் என்று கொண்டால், கையடக்கமான தகடு 5 மீட்டர் நீளமாகிவிடும். பரப்பு 645 மடங்கு பெருகும். விலையைக் கண்டு மயக்கம் வருவது ஒருவகையில் நல்லது, பிழை வெளிப்பட்டுவிடும். அங்குலத்தில் வரைந்ததை மில்லிமீட்டராகக் கொண்டால் விலை மிக மலிவாகத் தோன்றும். மகிழ்ந்து பணம் கட்டியபின் வரும் பொட்டலத்தில் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு பொருள் இருக்கும். ஆடவல்லான் என்று கல்லுக்குப் பெயரிட்டவர்கள் இச்சங்கடத்தை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தவிர்த்திருந்தார்கள்.

கதிர் தானும் சிறிது உலோகத்தைத் தின்னும்; அகலம் சாதாரணமாக ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிலிருந்து பத்தில் மூன்று வரை. ஒன்றோடொன்று பொருந்த வேண்டிய துண்டுகளுக்கு இது பெரிய தொகை. கன்னியாகுமரிக் கடலில் நிற்கும் 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலையை நினைத்துப் பாருங்கள். கணபதி ஸ்தபதியின் தலைமையில் கன்னியாகுமரி, அம்பாசமுத்திரம், சோழிங்கநல்லூர் ஆகிய மூன்று இடங்களின் பட்டறைகளில் தனித்தனியே கற்கள் செதுக்கப்பட்டன. 3,681 கற்கள் பாறைமீது வந்து சேர்ந்து பொருந்தின. 2000 ஜனவரி 1ஆம் நாள் சிலை திறக்கப்பட்டது. நூற்றுக்கணக்கான கல் தொலைவில் இருந்தவர்கள் ஒரே வரைவைப் படித்தார்கள். எழும்பியபின் ஒரு கல் பிசகியிருந்தால் எளிதில் மாற்ற முடியாது. அங்கே வரைவோடு மனிதரும் போய்வந்தார்கள், கேள்வியும் போய்வந்தது.

கடைசியாக ஒரு சிறிய விஷயம், நம் எழுத்தைப் பற்றியது. பாறையில் எழுத்தைக் குழியாகப் பொறிக்கும்போது எந்த வளைவும் கழன்று விழாது. தகட்டிலே எழுத்தை ஊடுருவ வெட்டினால் வ, ல, ன, ண போன்றவற்றின் சுழிக்குள்ளிருக்கும் உலோகம் தனித்து நின்று விழுந்துவிடும். அதைப் பிடித்துக்கொள்ள மெல்லிய பாலம் ஒன்று விட வேண்டும். எழுத்தையே தனியுருவாக வெட்டியெடுத்தால் மெய்யெழுத்தின் புள்ளி வேறு துண்டாகப் பிரிந்துவிடும். பழைய கல்வெட்டுகளில் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை என்பது கல்வெட்டு படித்தோர் அறிந்த செய்தி. நிரல் புள்ளியை ஒரு சிறு வட்டமாகவே காண்கின்றது. அதற்கும் குத்தித் திறக்கும் கூலியைச் சேர்த்துக் கேட்டுவிட்டு, பெட்டியின் அடியில் உதிரியாகப் போட்டு அனுப்பிவிடும். கடைத்தெருவில் எஃகு எழுத்துப் பெயர்ப்பலகைகளைக் கண்டால் 'ம்' என்னும் எழுத்தின் மேல் நின்று பாருங்கள். சில இடங்களில் புள்ளி ஒரு மெல்லிய கம்பியால் எழுத்தோடு சேர்ந்திருக்கும். சில இடங்களில் பின்தகட்டில் தனியே ஒட்டியிருக்கும். சில இடங்களில் ஒட்டியிருந்த தடம் மட்டும் இருக்கும்.